ஐந்து ஐம்பதுக்கு ஒரு ரிங்

அக்கா,

இன்று காலை ஐந்து ஐம்பதுக்கு உன் போனிலிருந்து எனக்கு ஒரு ரிங் வந்தது. ஒரே ஒரு ரிங். வாசல் தெளித்து முடித்து, கோலமாவுக் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் செருகியிருந்த என் போன் ஒரு தடவை அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தால் 'அக்கா' என்று இருக்கிறது. உன் பெயரை நான் இன்னும் அழிக்கவில்லை.

உன் போன் எங்கே இருந்தது தெரியுமா? என் வீட்டுக்குள், சாமி அலமாரிக்குப் பக்கத்தில், சார்ஜில். வீட்டில் வேறு ஆளே இல்லை. என் வீட்டுக்காரர் மகளைப் பார்க்கப் போய் நான்கு நாளாகிறது.

பயந்துவிட்டேன் என்று நினைக்காதே. கொஞ்சம் பயந்தேன், அவ்வளவுதான். அது நீ அமுக்கி அமுக்கியே தேய்த்த பட்டன் போன். இரண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும்படி நீயே வைத்திருந்தாய். போன மாதம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கிறவரிடம் காட்டினேன். அந்தப் பட்டன் உள்ளே இறங்கிக் கிடக்கிறது, சில நேரம் தானாக அழுந்தும், தானாக விடும், மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். ஆகவே பட்டன் தானாக அழுந்தியிருக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாளில் எத்தனை நிமிஷம் இருக்கிறது, அழுந்துவதற்கு அதற்கு ஐந்து ஐம்பதுதான் கிடைத்ததா?

ஐந்து ஐம்பது என்ன நேரம் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இன்று காலை வரைக்கும் மூன்றாவது ஆளுக்கு நான் சொன்னதில்லை. நீ போன அன்றைக்கு அந்த நேரத்தில் எனக்கு ஒரு ரிங் கொடுத்தாய். நான் திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நீ இன்றைக்கு இருந்திருப்பாயோ என்பதை எட்டு மாதமாக வயிற்றில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தபோது நான் உன்னைப் புரோக்கர் என்றுதான் நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதே, இதை உன்னிடமே சொல்லியிருக்கிறேன். அண்ணாமலை நகரில் என் ஜெராக்ஸ் கடைக்கு வாரத்தில் மூன்று நாள் வருவாய். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கிழவன் கிழவியின் ரேஷன் கார்டு, ஆதார், முதியோர் உதவித்தொகை மனு. யாருக்கும் நீ சொந்தமில்லை. இந்தம்மா எதற்கு இவ்வளவு பேர் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று தோன்றி, ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டேன். நீ சிரித்தாய். கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேசுவதற்கு லைன் போட்டுக் கொடுத்தேன், ரிட்டயர் ஆன பிறகு காது சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்றாய். கல்யாணம் ஆகாதவள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுகிறவள், தனி ஆள். இரண்டு வருஷம் உன்னை நீங்க, வாங்க என்று கூப்பிட்டேன். ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு நீ, வா என்று ஆனது.

அந்த ரிங் விஷயம் உன் மூளையில்தான் உதித்தது. ஒரு மழைக்காலத்தில் எங்கள் பின்தெருவில் தனியாக இருந்த டீச்சரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒன்றரை நாள் எழ முடியாமல் கிடந்தார்கள். பால் பாக்கெட் வாசலில் அப்படியே இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே நீ ஒரு நீள நோட்டுடன் என் கடைக்கு வந்தாய். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் தனியாகவோ முடியாமலோ இருக்கிறவர்கள் பெயரும் போன் நம்பரும். கடைசியில் அது இருபத்தேழு பேராக நின்றது. தினமும் விடியற்காலையில் ஒவ்வொருவரும் உன் நம்பருக்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிட வேண்டும். நீ நோட்டில் டிக் போடுவாய். ரிங் வராவிட்டால் நீ கூப்பிடுவாய். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கோ பால்காரருக்கோ சொல்வாய். அதுவும் முடியாவிட்டால் நாம் இருவரும் பஸ் ஏறுவோம்.

பேசினால்தான் என்ன, எதற்கு இந்த மிஸ்டு கால் விளையாட்டு என்று கேட்டேன்.

"தெனமும் போன் போட்டு, உசுரோட இருக்கீங்களான்னு கேட்டா யாருக்குடி புடிக்கும்? அவுங்களே சொல்லட்டும். அடிச்சிட்டு வச்சிட்டா ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்றாய்.

எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. கடலூர் முதுநகரில் தனியாக இருக்கும் பழைய தபால்காரர் தேசிங்கு ஐயா, கோழி கூவுகிறதோ இல்லையோ முதல் ரிங் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று போட்டி போட்டார். இருபத்தேழும் வந்து முடிந்ததும் நீ எனக்கு ஒரு ரிங் கொடுப்பாய். எல்லாரும் இருக்கிறார்கள், நீ கடையைத் திற என்று அர்த்தம். நான் 'சரி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனை இடுப்பில் செருகுவேன். அது என் காலையில் காபி மாதிரி ஒன்றாகிவிட்டது.

பிறகு குடிகாடு, கடலூரில் கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய அந்த ஊர். அதைப் பற்றி நீயும் நானும் அப்புறம் பேசிக்கொண்டதே இல்லை. இப்போது பேசாமல் முடியாது.

ராமலிங்கம் ஐயாவும் அஞ்சலை அம்மாவும். அவர் ஏதோ கம்பெனியில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. பெற்ற பிள்ளை வந்து நின்றாலும் யார் என்று கேட்கும். ஆனால் ஐயா ஒரு காரியம் செய்திருந்தார். போனை ஒரு சணல் கயிற்றில் ஜன்னல் கம்பியோடு கட்டி, ஷிப்ட் சங்கு ஊதியதும் பச்சைப் பட்டனை இரண்டு தடவை அமுக்கு, ஒரு ரிங் போனதும் சிவப்பை அமுக்கு என்று மாதக்கணக்கில் பழக்கியிருந்தார். எதையும் நினைவில் வைக்காத அந்த அம்மா இதை மட்டும் பிடித்துக்கொண்டது. சங்கு ஊதினால் எங்கே இருந்தாலும் எழுந்து போய் அடிக்கும். அவர் நம்மிடம் அதைச் செய்துகாட்டியபோது முகமெல்லாம் பூரிப்பு. நாம் இருவரும் கைதட்டினோம். நீ அந்த அம்மாவின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு ஒருநாள் நாம் அங்கே போனது அவருடைய உயிர்வாழ் சான்றிதழுக்காக. பென்ஷன் வாங்குகிற ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒரு தடவை கொடுக்கிற காகிதம். அவரிடம் கையெழுத்து வாங்கப் படிவத்தை என் கடையில் எடுத்துக்கொண்டு மத்தியானம் கடலூர் பஸ்ஸில் ஏறினோம். இறங்கியதுமே அந்தப் பக்கத்துக் காற்றில் எப்போதும் இருக்கிற வாடை. நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னிக்கி ஜாஸ்தியா இருக்குடி என்றாய். தெருவில் ஒரு பெண்பிள்ளை துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாலு நாளாவே இப்படித்தான் அடிக்குது, காத்து திரும்புனா சரியாப் போயிடும் என்றாள்.

கதவு திறந்தே இருந்தது. அஞ்சலை அம்மா ஜன்னலுக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. கட்டிலில் ஐயா. மார்பு வரைக்கும் போர்வை ஒழுங்காக இழுத்துவிடப்பட்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மூன்று தட்டு வரிசையாக, மூன்றிலும் சோறு. முதல் தட்டில் இருந்தது பூஞ்சை பூத்துப்போயிருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன், அவர் முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

"சத்தம் போடாதீங்க. அவரு தூங்கறாரு" என்றது அந்த அம்மா.

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் உன் கையைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து இரண்டு மணிச் சங்கு ஊதியது. அஞ்சலை அம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்தது. நம் இருவரையும் தாண்டிப் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தது. பச்சையை அமுக்கியது. உன் தோள் பைக்குள் உன் போன் ஒரு தடவை அடித்தது. நின்றது. அந்த அம்மா நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அக்கா, அந்தச் சிரிப்பை நான் எத்தனை நாள் கனவில் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ எத்தனை நாள் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது.

அவர் போய்ச் சேர்ந்த பிறகும் மூன்று நாள் காலையில் அவர் பெயருக்கு நேராக நீ டிக் போட்டிருந்தாய். அந்த வீட்டில் ரிங் கொடுப்பது யார் என்று நமக்குத் தெரியும். கைதட்டிய ஆட்கள் நாம். தெரிந்தும் டிக் போட்டோம். அவர் பிள்ளைக்குத் தகவல் சொல்லி, ஆட்கள் வந்த பிறகுதான் திரும்பப் பஸ் ஏறினோம். படிவம் உன் மடியிலேயே கிடந்தது. வீட்டு வாசலில் உன்னை விட்டபோது சொன்னாய்.

"இனிமே நான் எல்லாரையும் திருப்பிக் கூப்புடுவேன். குரலக் கேக்காம டிக் போட மாட்டேன்."

மறுநாளிலிருந்தே அப்படித்தான். ஒவ்வொரு ரிங்குக்கும் நீ திருப்பிக் கூப்பிட்டு, அந்த ஆளே பேசினால்தான் விடுவாய். காலை வேலை ஒரு மணி நேரம் நீண்டது. எனக்கு வரும் ரிங் ஏழு மணிக்குப் போனது. சிலர் முணுமுணுத்தார்கள். தேசிங்கு ஐயா, எங்க மேல நம்பிக்கை இல்லியாம்மா என்று வருத்தப்பட்டார். நம்பிக்கை உங்க மேல இருக்கு, பட்டன் மேல இல்ல என்றாய் நீ. அதற்கப்புறம் அவரும் பேசப் பழகிவிட்டார். சொல்லப்போனால் நிறுத்தமுடியாத அளவுக்குப் பேசினார்.

ஒருநாள் கடையில் உன்னைச் சீண்டினேன். எல்லாருக்கும் சட்டம் போடுகிறாயே, நீ எனக்குக் கொடுக்கிற ரிங்குக்கு நான் திருப்பிக் கூப்பிட வேண்டாமா என்றேன். போடி, நாம என்ன நோட்டுலயா இருக்கோம் என்றாய். நானும் சிரித்தேன். இருபத்தேழு பேருக்குக் காவல் வைத்த நீ, தனியாக இருக்கிற இருபத்தெட்டாவது ஆள் நீதான் என்பதை ஏன் மறந்தாய்? எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ போன அன்றைக்கு ஆருத்ரா தரிசனம். முந்தின நாளே சொல்லியிருந்தேன், நாளைக்குச் சீக்கிரம் கோயிலுக்குக் கிளம்பணும் என்று. ஒங்க சாமிகிட்ட எனக்கும் சேத்து ஒண்ணு கேளு என்றாய். மார்கழிப் பனி, எதிர்வீடு தெரியவில்லை. கோலத்தில் பாதி போட்டிருந்தேன். போன் ஒரு தடவை அடித்து நின்றது. உன் பெயர். மணியைப் பார்த்தேன், ஐந்து ஐம்பது. ஏழு மணிக்கு வரவேண்டியது. என்ன இவ்வளவு சீக்கிரம் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. அது தோன்றவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நான் கோயிலுக்குப் போகிறேன் என்பதால் எனக்காகச் சீக்கிரமே முடித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். 'சரி' என்றேன். மீதிக் கோலத்தைப் போட்டு முடித்தேன். நல்ல பெரிய கோலம்.

அப்புறம் ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றேன். போன் பைக்குள். உனக்காகக் கேட்கவும் கேட்டேன். வெளியே வந்து பார்த்தால் தேசிங்கு ஐயாவிடமிருந்து பதினோரு அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டதும், ஒங்க அக்கா இன்னிக்கி கூப்புடவேயில்லம்மா, அவுங்க நல்லா இருக்காங்களா என்றார். நான் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டேன். தண்டவாளத்தைத் தாண்டி உன் தெரு வரைக்கும் செருப்பு இல்லாமல் ஓடினேன், கோயில் வாசலில் விட்ட செருப்பை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

கீழ்வீட்டுக்காரர்தான் தாழ்ப்பாளை உடைத்தார். நீ சமையலறை நிலைப்படியில் ஒருக்களித்துக் கிடந்தாய். கைக்குக் கொஞ்சம் தள்ளி போன். கீழ்வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் போனை எடுத்தேன். அதில் வரிசையாக ரிங். ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரைக்கும் தேசிங்கு ஐயா, டீச்சரம்மா, அஞ்சலை அம்மா, எல்லாரும். இருபத்தேழு பேரும் நாங்கள் இருக்கிறோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நீ எடுக்காத போனுக்குள் அவ்வளவு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போனது ஒன்றே ஒன்று. எனக்கு. ஐந்து ஐம்பது. பேசிய நேரம் ஒன்றுமில்லை.

அதை நான் அழித்துவிட்டேன் அக்கா. ஆட்டோ வருவதற்குள் அழித்துவிட்டேன். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அந்த ஒன்றை மட்டும் தேடி அழித்தேன். என் போனிலும் அழித்தேன். டாக்டர் விடியற்காலையில் விழுந்திருக்கிறார்கள் என்றார். உடனே வந்திருந்தால் என்று ஏதோ ஆரம்பித்தார். நான் வெளியே போய்விட்டேன். அந்த வாக்கியம் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன் அடக்கத்தில் எல்லாரும் என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இப்போது நோட்டும் போனும் என்னிடம். கோலம் போட்டுவிட்டு ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒவ்வொருவர் குரலையும் கேட்டுத்தான் எழுகிறேன். அஞ்சலை அம்மா பண்ருட்டிப் பக்கம் ஓர் இல்லத்தில் இருக்கிறது, பலாத்தோப்புக்கு நடுவில். அங்கே சங்கும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஆனாலும் ஆறு மணிக்கு நிமிஷம் தவறாமல் ரிங் வருகிறது. அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் கேட்டேன். சங்கு ஊதிச்சின்னு சொல்லிக்கிட்டே எழுந்து போறாங்கக்கா, எங்க யாருக்கும் ஒண்ணும் கேக்கறதில்ல என்றாள். நான் திருப்பிக் கூப்பிட்டால் அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, அவரு தூங்கறாரு என்கிறது. தினமும் அதே வார்த்தை. போன வாரம் ஒருநாள் கூடவே, அந்தப் பாட்டுக்கார அம்மாவும் தூங்கறாங்க என்றது. உன்னைப் பற்றி அந்த அம்மாவிடம் யாரும் சொன்னதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, டிக் போட்டுவிட்டேன்.

இன்று காலைக்கு வருகிறேன். உன் பெயரைப் பார்த்ததும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? 'சரி' என்றது. கை தானாகப் போனை இடுப்புக்குக் கொண்டுபோனது. அங்கேயே நின்றுவிட்டேன். என் மேல் எனக்கு வந்த அருவருப்பைச் சொல்லி முடியாது. கோலமாவுக் கையோடு உன் பெயரை அமுக்கினேன். வீட்டுக்குள் இருட்டில் உன் போன் அடிக்க ஆரம்பித்தது, அந்தப் பழைய எக்ஸ்சேஞ்ச் மணிச் சத்தம். வாசலில் நின்றுகொண்டு காதில் ஒரு மணி, உள்ளே ஒரு மணி கேட்டேன். யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வேன் என்று இருந்தது. எடுத்துவிடக் கூடாதா என்றும் இருந்தது. அது முழுக்க அடித்து ஓய்ந்து, நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை என்று அந்தப் பெண்குரல் சொல்லும் வரை நான் வைக்கவில்லை.

அப்புறம் தேசிங்கு ஐயாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழித்ததையும் சொன்னேன்.

"கூப்புட்டிருந்தா பொழச்சிருப்பாங்களான்னு என்னக் கேக்காதம்மா, எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "நாளைக்கிலேர்ந்து நீ எனக்கு ஒரு ரிங் குடு. நான் திருப்பிக் கூப்புடுறேன்" என்றார்.

நோட்டில் இருபத்தொன்பதாவதாக என் பெயரை எழுதிவிட்டேன். அதற்கு மேலே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன், அந்த இருபத்தெட்டு உன்னுடையது. அந்தப் பட்டனை நான் மாற்றப்போவதில்லை அக்கா. எந்த நேரமானாலும் அடி. நீ எடுக்கமாட்டாய் என்று தெரிந்தாலும் நான் திருப்பிக் கூப்பிடுவேன்.